புது டயருக்குப் பழைய ட்யூப்

1

எங்கள் காரின் டேஷ்போர்டில் எட்டு மாதமாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. மெரூன் நிறம், நடுத்தர அளவு. ஒட்டியவள் என் மனைவி ஹேமா. பக்தியால் ஒட்டவில்லை. அதற்குக் கீழே ஒரு மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தது, கண்ணை உறுத்தியது, ஒட்டிவிட்டாள்.

இங்கே ஓடுகிற கார்களில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும், காற்றடிக்கிற வால்வின் அடியில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். டயரில் காற்று குறைந்தால் அது தகவல் அனுப்பும், முன்னால் விளக்கு எரியும். அந்த சென்சாருக்குள் ஒரு பேட்டரி. அதற்கும் ஆயுசு உண்டு. எட்டு பத்து வருடத்தில் அது செத்துப்போனால், காற்று ஒழுங்காக இருந்தாலும் விளக்கு எரியும். ஜனவரிக் குளிரில் எங்களுக்கு அப்படித்தான் ஆனது. நான் இறங்கிக் காற்றை அளந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. விளக்குக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று ஹேமாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். மறுநாள் பொட்டு வந்தது. நங்கநல்லூரில் பிறந்து வளர்ந்தவள் அவள். தீர்க்க முடியாத எதற்கும் ஒரு பொட்டு வைத்து மரியாதை பண்ணிவிட்டு மேலே நடப்பாள். இருபத்தைந்து வருடமாக என்னையும் அப்படித்தான் சமாளிக்கிறாள்.

இந்தக் காரை எங்கள் ஒரே மகள் நித்யாவுக்குக் கொடுப்பதென்று ஆகஸ்டில் முடிவானது. இருபத்திரண்டு வயது. படிப்பு முடிந்து முதல் வேலை, மின்னசோட்டாவில். நாங்கள் இருப்பது ஒஹாயோவில். நடுவில் பன்னிரண்டு மணி நேர ரோடு. அதைத் தனியாக ஓட்டிக்கொண்டு போவேன் என்றாள். நானும் வருகிறேன், உன்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு விமானத்தில் திரும்புகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். பாதி வழி வரைக்குமாவது என்றேன். பாதி வழியில் இறங்கி என்ன செய்வாய் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

அவள் ஓட்டுவதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. என்னைவிட நன்றாக ஓட்டுவாள். ஆனால் ஏதாவது ஒன்று ஆகி, அதை அவள் நானில்லாமல் சமாளித்து நான் பார்த்ததே இல்லை. சைக்கிள் செயின் கழன்றதிலிருந்து காலேஜ் ஹாஸ்டல் சாவி தொலைந்தது வரை என் போன்தான் அடித்திருக்கிறது. இனிமேல் அடித்தாலும் நான் போய்ச் சேரப் பன்னிரண்டு மணி நேரம். இந்தப் பயத்தை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால், டயர் தேய்ந்துவிட்டது, மாற்றித் தருகிறேன், அப்புறம் போ என்று சொன்னேன். தேய்ந்தும்தான் இருந்தது.

2

நான் இந்த நாட்டுக்கு வந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. வந்த புதிதில் ஒரு டயர் கடையில் அப்படியே ஸ்டெப்னியையும் பார்த்துவிடுங்கள் என்றேன். ஸ்டெப்னி என்பவர் யார், உங்களுடன் வந்திருக்கிறாரா என்று விசாரித்தார்கள். அன்றிலிருந்து எனக்குக் கடைகளில் வாய் திறக்க ஒரு தயக்கம். நித்யா வளர்ந்த பிறகு அந்த வேலையை அவளிடம் விட்டுவிட்டேன். பத்து வயதிலேயே எனக்காகப் பேசக் கற்றுக்கொண்டாள். இப்போது யோசித்தால் அவள் எனக்காகப் பேசிய அளவுக்கு என்னிடம் பேசினாளா என்று தெரியவில்லை.

இந்தத் தடவை டயர் மாற்ற நித்யாவும் கூட வந்தாள். கடைக்காரர் பெரிய தாடிக்காரர், நல்ல மனிதர். காரை உள்ளே எடுத்துப்போனவர் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். டேஷ்போர்டில் ஒரு சிவப்பு வட்டம் இருக்கிறது, அது மத சம்பந்தமானதா, கழற்றினால் தவறாகுமா என்று மிகவும் தணிந்த குரலில் கேட்டார். தவறில்லை, எடுங்கள் என்றேன். எடுத்தார். அடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நித்யா என்னைப் பார்த்தாள். எட்டு மாதமும், வீட்டில் இருந்த நாட்களில், இந்தக் காரை அவள்தான் அதிகம் ஓட்டினாள். அது அம்மாவின் சாமி சமாசாரம் என்று நினைத்துத் தொடாமலே இருந்திருக்கிறாள். முதலில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. விளக்கு எரிந்தது எனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

தாடிக்காரர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். நாலு சென்சாரில் இரண்டு செத்துவிட்டன. மற்ற இரண்டும் இன்னும் வேலை செய்கின்றன, ஆனால் அவற்றுக்கும் அதே வயதுதான். சென்சாரை மாற்ற வேண்டுமானால் டயரைக் கழற்றியாக வேண்டும். இன்று எப்படியும் கழற்றப் போகிறோம். நாலையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது, உங்கள் இஷ்டம் என்றார்.

செத்த இரண்டை மாற்றுங்கள், நன்றாக இருப்பதை எதற்குத் தொட வேண்டும் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. தானாக வாயில் வந்தது. அவர் தலையாட்டிவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். இந்த நாட்டில் எதை வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் சொன்னேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய சென்சார்களை மாற்றும்படி எனக்கு எடுத்துச் சொல்லப்பட்டது, நான் மறுத்துவிட்டேன், பின்விளைவுக்கு நானே பொறுப்பு. கீழே கையெழுத்துக்குக் கோடு. பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் அது யார் பேச்சு என்று புரிந்தது. நன்றாக இருப்பதை எதற்குத் தொட வேண்டும். அது என் பேச்சே இல்லை. அப்பாவின் பேச்சு. அதைச் சொன்னதற்கு அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

3

தொண்ணூற்று நாலாம் வருடம். மயிலாப்பூரில் சித்திரக்குளம் பக்கம் குடியிருந்தோம். அப்பாவுக்கு மத்திய சர்க்கார் உத்தியோகம். க்ரீம் கலரில் ஒரு பழைய பியட் வைத்திருந்தார். எனக்கும் அக்காவுக்கும் அடுத்து அது மூன்றாவது பிள்ளை, ஆனால் மூன்று பேரில் சொன்ன பேச்சு கேட்பது அது ஒன்றுதான் என்பார். சுபா அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அத்திம்பேர் பம்பாயில். டாக்டரம்மாவின் நர்சிங் ஹோம் அடையாறில், கஸ்தூரிபா நகர்ப் பக்கம்.

வளைகாப்பு முடிந்த வாரமே அப்பா வண்டிக்கு டயர் வாங்கக் கிளம்பிவிட்டார். எங்கள் வீட்டில் அது சாதாரண விஷயம் இல்லை. எனக்கு நினைவு தெரிந்து அந்தக் கார் ரீட்ரெட் டயரில்தான் ஓடியது. தேய்ந்ததன் மேல் புது ரப்பர் ஒட்டி, அதுவும் தேய்ந்த பின் இன்னொரு தரம் ஒட்டி. பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற வண்டி நடுவழியில் நிற்கக்கூடாது என்று நாலும் புதுசு வாங்கினார். அந்தக் காரின் வாழ்க்கையிலேயே அதுதான் தீபாவளி.

நானும் கூடப் போனேன். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு டயர் கடை. கடைக்காரர் டயரை உருட்டிவந்து போட்டுவிட்டு ட்யூப் எத்தனை என்று கேட்டார். ட்யூப் இருக்கிறது என்றார் அப்பா. வண்டியில் இருந்த ட்யூப் ஒவ்வொன்றிலும் ஏழெட்டு ஒட்டு. எந்த ஒட்டு எங்கே எந்த ஆணியால் வந்தது என்று அப்பாவுக்கு மனப்பாடம். கெட்டதை மாத்து, நல்லதைத் தொடாதே என்பது அவர் கொள்கை. செருப்புக்கு வார், கண்ணாடிக்குக் காது, குடைக்குக் கம்பி, எல்லாம் தனித்தனியாக மாறுமே தவிர எங்கள் வீட்டில் எதுவும் முழுசாகப் புதிதானது இல்லை.

கடைக்காரர் விடவில்லை. "சார், பழைய ட்யூப்பு விரிஞ்சிப் போயிருக்கும். புது டயருக்குள்ள போட்டா மடிஞ்சி குந்தும். மடிஞ்ச எடத்துல அறுத்துக்கும். வேணாம் சார்."

அப்பா சிரித்தார். வெளியே வந்ததும், அவன் ட்யூப் விற்கணும், நாலு வார்த்தை சொல்லத்தான் சொல்வான் என்றார். இருந்த ஐந்து ட்யூபில் உருப்படியான நாலை டயருக்குள் போட்டு, மிகவும் நொந்த ஒன்றை ஸ்டெப்னிக்கு வைத்தார். வீட்டு வாசலில் அம்மா நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தாள். நசுக்கிக்கொண்டு கார் நகர்ந்தது. அப்பா தெருமுனை வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, மெத்தையில் போவது போல இருக்கிறது என்றார்.

பங்குனியில், கோயிலில் அறுபத்து மூவர் திருவிழா அன்றைக்கு, மத்தியானம் இரண்டு மணிக்கு அக்காவுக்கு வலி கண்டது. மாட வீதிகளில் ஊசி போட இடமில்லாத கூட்டம். மூலைக்கு மூலை நீர்மோர்ப் பந்தல். அப்பா சந்து சந்தாகப் புகுந்து சாந்தோம் பக்கம் வெளியே வந்து, கடற்கரையோரமாக வண்டியை விட்டார். பின் சீட்டில் அம்மா மடியில் அக்கா. முன்னால் நான். பட்டினப்பாக்கம் மீன் கடைகள் தாண்டும்போது வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்தது.

பின் பக்க இடது டயர். டயர் புதுசு, மேலே ஒரு கீறல் இல்லை. ஆனால் காற்று மொத்தமும் போயிருந்தது. நான் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை உருட்டிக் கீழே போட்டேன். அதிலும் காற்று இல்லை. எழும்பவே இல்லை, சத்தென்று படுத்துவிட்டது. அப்பா ஒரு நிமிடம் அதைப் பார்த்தார். பிறகு போய்ப் புது டயரைக் காலால் எட்டி உதைத்தார். இன்னொரு தரம் உதைத்தார். உள்ளே அக்கா கத்தினாள். ஆட்டோ ஒன்றுகூட இல்லை. எல்லாம் கோயில் பக்கம் சவாரிக்குப் போயிருந்தன.

மீன் கடையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து வந்தார். லூர்து மேரி என்று பெயர், பிறகு தெரிந்தது. காருக்குள் குனிந்து பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"இன்னா சாமி, புள்ளத்தாச்சிய உள்ள குந்த வச்சிகினு டயர எட்டி ஒதச்சிகினு கீறே."

அந்த அம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தன் தம்பி ஆரோக்கியத்தைக் கூப்பிட்டு மீன்பாடி வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். மூன்று சக்கரத்தில் முன்னால் பலகை வைத்து மீன்கூடை ஏற்றுகிற வண்டி. கூடைகளை இறக்கி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவி, யார் வீட்டுப் பாயோ கொண்டுவந்து விரித்தார்கள். எல்லாம் மூன்று நிமிடம்.

எனக்கு அம்மாவை நினைத்துத்தான் பயமாக இருந்தது. மீன்கூடை தெருவில் எதிரே வந்தால் இரண்டு வீடு தள்ளி நிற்பவள். மடி, ஆசாரம், எல்லாம் உண்டு. அம்மா முதல் ஆளாக ஏறினாள். ஏறிக் காலை நீட்டி, இப்படிப் படும்மா என்று அக்காவைக் கூப்பிட்டாள். இன்னொரு பக்கம் லூர்து மேரி ஏறி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆரோக்கியம் மிதிக்க, நான் பின்னாலேயே ஓடினேன். அப்பா காரோடு நின்றுவிட்டார். அடையாறு பாலத்து ஏற்றத்தில் தள்ளினேன். நர்சிங் ஹோம் வாசலில் காவல்காரர், மீன் வண்டிக்கு உள்ளே இடமில்லை என்று தொடங்கினார். லூர்து மேரி அவரிடம் சொன்னதை இங்கே எழுத முடியாது. கதவு திறந்தது. முக்கால் மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

அப்பா வந்தபோது விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. சட்டையெல்லாம் கரி. நான் கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தேன். பெண் இந்த நிலையில் இருக்க, இத்தனை நேரம் எங்கே போனாய் என்று கேட்டுவிட்டேன். வாழ்க்கையில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அன்றுதான். காரை மீன் கடையில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து மவுண்ட் ரோடு போய், அதே கடையில் ஐந்து புது ட்யூப் வாங்கி வந்து, பஞ்சர் கடையில் உட்கார்ந்து ஐந்தையும் மாற்றி முடித்துவிட்டு வருகிறார்.

"திரும்பி வரச்சே இன்னொரு உயிரும் வண்டியில இருக்குமேடா" என்றார். கையைத் துடைத்துக்கொண்டே, "கடைக்காரன் சொன்னான். நான்தான் கேக்கலை" என்றார்.

அந்தக் கையோடு குழந்தையைத் தொடக்கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்ட நின்று பேத்தியைப் பார்த்தார். வேறு எதற்கும் அழுது நான் பார்க்காத மனிதர்.

அதற்கப்புறம் அம்மா அந்தப் பக்கம் போனால் மீன் கடை எதிரே நின்று பேசாமல் வரமாட்டாள். மீன் வாங்காத ஒரே வாடிக்கையாளர் அவள்தான். பாப்பா எப்டி கீது என்று லூர்து மேரி கேட்பார். அம்மா பல் முளைத்தது வரை சொல்லிவிட்டு வருவாள்.

4

பேனாவை மூடினேன். சுபா அக்காவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். சென்னையில் ராத்திரிச் சாப்பாட்டு நேரம். சென்சார், பேட்டரி, இரண்டா நாலா என்று எல்லாம் விளக்கி எழுதினேன். அவளுக்கு இந்த சென்சார் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் பழைய ட்யூப் கதை என்று உடனே பிடித்துக்கொண்டாள். பதில் வந்தது: "நாலையும் மாத்துடா. மீன்பாடி வண்டிக்கு அந்த ஊர்ல எங்க போவே?"

நித்யா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. அத்தை என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். நாலையும் மாற்றச் சொல்கிறாள் என்றேன். படிவத்தை அப்படியே தாடிக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அக்கா சொன்னது உண்மைதான். நெடுஞ்சாலையில் மைல் கணக்காகச் சோளக்காடு. கார் நின்றால் யாரும் நிறுத்த மாட்டார்கள். கெட்டவர்கள் என்று இல்லை. இந்தப் பெண் போன் பண்ணியிருப்பாள், வர வேண்டியவர்கள் வருவார்கள், நாம் எதற்கு நடுவில் என்ற நாகரிகம். டயரை ஏன் உதைக்கிறாய் என்று கேட்க ஒரு ஆள் எழுந்து வராத ஊரில், சக்கரத்துக்குள் ஒரு கருவியாவது இருக்கட்டும்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கிளம்பினாள். ஹேமா எலுமிச்சம்பழம் நாலு கொண்டுவந்து வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நின்று மரியாதையாக வேடிக்கை பார்த்தார். நான் ஒவ்வொரு டயராகக் குனிந்து கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு சுற்றினேன். இரண்டாவது சுற்று வரும்போது நித்யா கண்ணாடியை இறக்கினாள்.

"அப்பா, நீ என்னை நம்பலையா, டயரை நம்பலையா?"

டயரை என்றேன். பொய் என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

5

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள். முதல் வாரம் தினம் பேசினாள். அப்புறம் இரண்டு நாளைக்கு ஒருமுறை. அக்டோபரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று ஆகிவிட்டது. எனக்கு வருத்தம்தான், இல்லையென்று சொல்லவில்லை. மயிலாப்பூருக்கு நான் எத்தனை நாளைக்கு ஒருமுறை போன் பண்ணினேன் என்று ஹேமா கேட்பாள். அதனால் வருத்தத்தை வெளியே காட்டிக்கொள்வதில்லை.

கார் கம்பெனியின் செயலி ஒன்று என் போனில் இருக்கிறது. கார் என் பெயரில் இருந்ததால் வந்தது. நித்யாவுக்கும் தெரியும், மறந்திருப்பாள். வண்டி எங்கே போகிறது என்றெல்லாம் அதில் வராது. நாலு டயரிலும் காற்று எவ்வளவு என்று நாலு எண் மட்டும் வரும். புது சென்சார், அதனால் நாலும் வரும். காலையில் காபியோடு அதைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. குளிர் ஏற ஏற டயரில் காற்றழுத்தம் தானாகக் குறையும். முப்பத்தைந்து முப்பத்துமூன்றானால் அங்கே ஸ்வெட்டர் காலம் வந்துவிட்டது, முப்பத்தொன்றானால் பனி கொட்டுகிறது. பெண்ணை வேவு பார்க்கறேளா என்று ஹேமா கேட்டாள். டயரைத்தான் பார்க்கிறேன் என்றேன்.

நவம்பர் மத்தியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்று டயரில் முப்பத்தொன்று, பின் பக்க இடது டயரில் மட்டும் இருபத்தாறு. போனை எடுத்துவிட்டேன். ஹேமா என் கையைப் பார்த்துவிட்டு, இப்போது நீங்கள் கூப்பிட்டால் இனி எப்போதும் நீங்கள்தான் கூப்பிட வேண்டும் என்றாள். நித்யாவுக்கு முன்னாலும் விளக்கு எரியுமே, அதன் மேல் இப்போது பொட்டு இல்லையே என்றாள். போனைக் கீழே வைத்தேன். அன்றைக்கு ஆபீசில் எத்தனை தரம் அதை எடுத்து எடுத்து வைத்தேன் என்று எனக்கே தெரியாது. மத்தியானம் இருபத்தைந்து. நாலு மணிக்கு இருபத்து நாலு. ஒரு வேலையும் ஓடவில்லை.

ராத்திரி எட்டு மணிக்குப் பார்த்தேன். முப்பத்தைந்து, முப்பத்தைந்து, முப்பத்தைந்து, முப்பத்தைந்து.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். மறுநாள் பார்த்தேன், அதற்கு மறுநாளும் பார்த்தேன். நாலும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. வெறும் காற்று மட்டும் அடிக்கவில்லை. ஆணியோ திருகோ, யாரிடமோ காட்டிப் பிடுங்கி ஒட்டியிருக்கிறாள். அந்தப் பனியில், ஆபீஸ் விட்டதும், தானாகவே கடை தேடிப் போயிருக்கிறாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஹேமாவிடம் சொன்னேன். இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று சொல்லிவிட்டு அவள் பாயசம் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நித்யா கூப்பிட்டாள். ரசப்பொடி தீர்ந்துவிட்டது, கூட வேலை பார்ப்பவள் ஒருத்தி பூனை வளர்க்கிறாள், பூட்ஸ் வாங்க வேண்டும். எல்லாம் சொன்னாள். காரைப் பற்றிப் பேச்சு எடுப்பாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எடுக்கவில்லை. வைக்கப் போகிற சமயத்தில், வேறே என்ன விசேஷம், ஏதாவது பிரச்சினை உண்டா என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லப்பா" என்றாள்.